பிரைவசி சட்டம் புரியலன்னு தள்ளிப்போடற கம்பெனிகளுக்கு: எது தெளிவு, எது குழப்பம், ரெண்டையும் எப்படி சமாளிக்கறது

பிரைவசி மீட்டிங் நடக்கற எந்த கம்பெனில போய் உக்காந்தாலும் யாராவது ஒருத்தர் "சட்டமே தெளிவா இல்லைங்க, அப்புறம் எதைத்தான் ஃபாலோ பண்றது"ன்னு சொல்லாம அந்த மீட்டிங் முடியாது. அதுல பாதி உண்மைதான். மிச்சப் பாதி என்னன்னா, நம்பர் போட்டு தெளிவா எழுதியிருக்கறதையே இன்னும் செய்யாம, குழப்பமா இருக்கற நாலு வார்த்தையக் காட்டி மொத்தத்தையும் அடுத்த காலாண்டுக்கு ஒத்திப்போடறது. இந்த கைடு லாயர்களுக்கு இல்ல. திடீர்னு ஒரு நாள் "இனிமே பிரைவசி உங்க பொறுப்பு"ன்னு தலையில கட்டிவிடப்பட்ட ப்ராடக்ட் மேனேஜர், ஐடி ஆளு, எச்ஆர் ஆளு, சின்ன கம்பெனி ஓனர் இவங்களுக்கு.

முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கணும், சட்டம் எழுதறவங்க சில இடத்துல வேணும்னேதான் பட்டும் படாம எழுதறாங்க. ஐரோப்பாவோட பிரைவசி சட்டமான ஜிடிபிஆர்ல 99 ஆர்ட்டிக்கிள் இருக்கு, அதுக்கு முன்னாடி விளக்கமா 173 பத்தி இருக்கு, அவ்வளவு எழுதியும் பாஸ்வேர்ட எந்த முறையில பாதுகாக்கணும்னு ஒரு வரி கூட கிடையாது. 2016ல ஒரு டெக்னிக் பேரை சட்டத்துலயே எழுதி வச்சிருந்தா இன்னைக்கு அது பழசாகியிருக்கும், பழச அப்படியே வச்சிருக்கறவன் "நான் சட்டப்படிதான் இருக்கேன்"னு சொல்லிட்டுப் போயிருப்பான். அதனால "தகுந்த பாதுகாப்பு"ன்னு மட்டும் எழுதிட்டு, தகுந்தது எதுன்னு முடிவு பண்ற வேலைய கம்பெனிகிட்டயே விட்டுட்டாங்க. சும்மா விடல, ஆர்ட்டிக்கிள் 5லயே இன்னொரு வரியும் போட்டு வச்சிருக்காங்க: நீ சரியா நடக்கறேங்கறத நீயேதான் நிரூபிச்சுக் காட்டணும். அப்போ குழப்பமான இடத்துல உங்க வேலை ஒரே ஒரு சரியான பதிலத் தேடறது இல்ல, நியாயமான ஒரு முடிவ எடுத்து, ஏன் எடுத்தோம்னு எழுதி, தேதி போட்டு வைக்கறது. கீழ வர்ற எல்லாமே இதுல இருந்துதான் வருது.

எந்த சட்டம் நம்மள பிடிக்கும்

நம்ம ஆபீஸ் எங்க இருக்குன்னு பாத்து இத முடிவு பண்ணாதீங்க, யாரோட டேட்டா நம்ம கைல இருக்குன்னு பாருங்க. ஜிடிபிஆர், ஐரோப்பால இருக்கறவங்களுக்கு பொருளோ சேவையோ குடுத்தாலோ அவங்க நடமாட்டத்த ட்ராக் பண்ணாலோ, நீங்க எந்த மூலைல இருந்தாலும் வந்து பிடிக்கும். அதுக்காக அங்கருந்து யாரோ ஒருத்தர் நம்ம வெப்சைட்ட எட்டிப் பாத்துட்டா போச்சுன்னு பயப்பட வேண்டாம், அவங்கள குறி வச்சு விக்கறோமாங்கறதுதான் கேள்வி, அதாவது யூரோல விலை போட்டிருக்கோமா, அவங்க மொழில பேஜ் இருக்கா, அங்க டெலிவரி பண்றோமா இந்த மாதிரி. கலிஃபோர்னியாவோட பிரைவசி சட்டமான சிசிபிஏ இந்த விஷயத்துல பரவால்ல, நேரா நம்பரே குடுத்திருக்கு. வருஷ வருமானம் 2.5 கோடி டாலருக்கு மேல (விலைவாசிக்கு ஏத்தபடி 2025ல 2.66 கோடி ஆச்சு), இல்லன்னா அந்த மாநிலத்துல 1,00,000 பேரோ குடும்பமோ சம்பந்தப்பட்ட டேட்டாவ வாங்கறது விக்கறது பகிர்றது, இல்லன்னா வருமானத்துல பாதிக்கு மேல டேட்டா வித்தே வர்றது, இந்த மூணுல ஒண்ணு இருந்தா போதும், உள்ள வந்துட்டீங்க. இந்தியாவோட பிரைவசி சட்டமான டிபிடிபி 2023 ஆகஸ்ட்ல வந்துச்சு, அதுக்கான விதிகள் 2025 நவம்பர்ல வந்துச்சு, அதுவும் வெளிநாட்டுல உக்காந்துக்கிட்டு இந்தியால இருக்கறவங்களுக்கு சேவை குடுக்கறவங்களையும் சேத்துத்தான் பிடிக்கும்.

ஒரு பேப்பர்ல எழுதிக்கோங்க: எந்தெந்த நாட்டு ஆளுங்க டேட்டா, சுமாரா எத்தனை பேர், அதனால எந்தெந்த சட்டம். "இது நமக்கு வராது"ன்னு முடிவு பண்ணா அதுக்கான காரணத்தையும் அங்கயே எழுதுங்க, நாளைக்கு யூசர் எண்ணிக்கை ஏறும்போது அந்த காரணம் செத்துப் போயிருக்கும், எழுதி வச்சிருந்தாதான் அது தெரியும்.

ரெண்டு கலர் மார்க்கர் எடுத்துக்கோங்க

சட்டத்த பிரின்ட் எடுங்க, ஸ்க்ரீன்ல படிச்சா பாதிலயே தூக்கம் வரும். நம்பர், கெடு, "கட்டாயம் இத பண்ணணும்"னு வர்ற இடமெல்லாம் பச்சை. "நியாயமான", "தகுந்த", "தேவையான அளவு", "தாமதமில்லாம" இந்த மாதிரி வார்த்தை வர்ற இடமெல்லாம் மஞ்சள். முடிச்சுட்டு பாருங்க, பச்சை நினைச்சதவிட ஜாஸ்தியாவே இருக்கும்.

உதாரணத்துக்கு, ஒரு யூசர் "என்னப் பத்தி என்னென்ன வச்சிருக்கீங்க குடுங்க"ன்னு கேட்டா ஜிடிபிஆர்ல ஒரு மாசம் டைம், ரொம்ப சிக்கலான கேஸ்னா இன்னும் ரெண்டு மாசம் நீட்டிக்கலாம், ஆனா நீட்டிக்கறோம்னு அந்த முதல் மாசத்துக்குள்ளயே அவருக்கு சொல்லிடணும். சிசிபிஏல 45 நாள், தேவைப்பட்டா இன்னொரு 45. டேட்டா லீக் ஆச்சுன்னா ஜிடிபிஆர்ல ரெகுலேட்டர்கிட்ட (அந்த நாட்டுல இந்த சட்டத்த கண்காணிக்கற அமைப்பு) 72 மணி நேரத்துக்குள்ள சொல்லணும், பிரேசில்ல 3 வேலை நாள், இந்தியால தெரிஞ்ச உடனே டேட்டா பாதுகாப்பு போர்டுக்கு ஒரு தகவல் அப்புறம் 72 மணி நேரத்துல முழு விவரம். பிரைவசி நோட்டீஸ்ல என்னென்ன இருக்கணும்னு ஜிடிபிஆர் ஆர்ட்டிக்கிள் 13ம் 14ம் வரிசையா பட்டியலே போட்டிருக்கு. வெண்டரோட (நமக்காக டேட்டாவ கையாளற வெளி கம்பெனி) போடற ஒப்பந்தத்துல என்னென்ன வரி இருக்கணும்னு ஆர்ட்டிக்கிள் 28 சொல்லுது. இதுல எங்கங்க குழப்பம்? ஆனா இந்த பச்சைய முழுசா செஞ்சு முடிச்ச கம்பெனி ரொம்ப கம்மி.

பச்சைக்குள்ளயே கொஞ்சம் மஞ்சள் ஒளிஞ்சிருக்கும், அதையும் பாத்துக்கோங்க. 72 மணி நேரம் சரி, எப்போல இருந்து? "தெரிய வந்ததுல இருந்து"ன்னு இருக்கு. சனிக்கிழமை ராத்திரி ஒரு அலர்ட் வந்துச்சு, திங்கக்கிழமை காலைலதான் டீம் பாத்துச்சு, செவ்வாக்கிழமைதான் லீக்குன்னு உறுதியாச்சு, இதுல எது "தெரிய வந்தது"? ஐரோப்பிய ரெகுலேட்டர்கள் சேந்து குடுத்த வழிகாட்டுதல்ல, டேட்டா பாதிக்கப்பட்டிருக்குன்னு நியாயமான அளவுக்கு உறுதி வந்த நேரம்னு சொல்றாங்க, ஆனா சீக்கிரமா விசாரிக்கற பொறுப்பும் உங்களோடதுன்னு சேத்தே சொல்றாங்க, அதனால செவ்வாய்ன்னு வாதாடலாம், ஆனா திங்கக்கிழமை பூரா என்ன பண்ணீங்கங்கற கேள்விக்கு பதில் இருக்கணும். அலர்ட் வந்த நேரம், யார் பாத்தாங்க, எப்போ உறுதியாச்சு இந்த மூணையும் எழுதற ஒரு சாதாரண ஷீட் இருந்தா போதும். இன்னொரு வித்தியாசம், ஜிடிபிஆர்ல யாருக்கும் பாதிப்பு வர வாய்ப்பு இல்லாத லீக்கா இருந்தா ரெகுலேட்டர்கிட்ட சொல்ல வேண்டாம், உள்ள எழுதி வச்சா போதும். இந்திய சட்டத்துல அந்த சலுகை கிடையாது, சின்னதோ பெருசோ சொல்லியாகணும். ஐரோப்பிய டெம்ப்ளேட்ட அப்படியே காப்பி அடிச்சு எல்லா நாட்டுக்கும் ஓட்டறவங்க சறுக்கறது இங்கதான்.

டேட்டா எங்கெங்க கிடக்குன்னு கண்டுபிடிக்கறது

எந்த சட்டமா இருந்தாலும் இத பண்ணாம ஒரு அடி கூட நகர முடியாது, அதனால இதுக்கு நேரம் ஒதுக்குங்க. ஒரு எக்செல் ஷீட் போதும், இதுக்கு காசு குடுத்து டூல் வாங்கறது எல்லாம் அப்புறம். ஒவ்வொரு வரியும் ஒரு வேலை: சம்பளம் போடறது, ஆர்டர் அனுப்பறது, நியூஸ்லெட்டர் அனுப்பறது, வேலைக்கு விண்ணப்பிச்சவங்க ரெஸ்யூமே வாங்கறது. ஒவ்வொண்ணுக்கும் நேரா என்ன டேட்டா, எதுக்கு, எங்க இருக்கு, யார் பாக்கலாம், வெளிய யாருக்குப் போகுது, எப்போ அழிப்போம்.

ஐடி டீம்கிட்ட மட்டும் கேட்டா டேட்டாபேஸ் பட்டியலக் குடுத்துட்டு போயிடுவாங்க. நிஜத்துல டேட்டா கிடக்கறது வேற இடத்துல. மார்க்கெட்டிங் ஆளு லேப்டாப்ல டவுன்லோட் பண்ணி வச்ச கஸ்டமர் லிஸ்ட், சப்போர்ட் டீமோட சாட் குரூப்ல யாரோ அனுப்பின அடையாள அட்டை போட்டோ, டெவலப்பர் டெஸ்டிங்குக்குன்னு எடுத்து வச்ச நிஜ டேட்டாவோட காப்பி, எரர் லாக்ல முழுசா பதிவாகற ஈமெயில் அட்ரஸ், வேலைய விட்டுப் போனவரோட மெயில்பாக்ஸ், எப்பவோ ட்ரையல் போட்டு மறந்து போன ஒரு சர்வே டூல். அதனால ஒவ்வொரு டீம்லயும் தினசரி வேலை பாக்கற ஆளு பக்கத்துல உக்காந்து "காலைல வந்ததும் எதத் தொறப்பீங்க, எங்க டவுன்லோட் பண்ணுவீங்க, யாருக்கு அனுப்புவீங்க"ன்னு கேளுங்க, மேனேஜர்கிட்ட கேட்டா பாலிசில என்ன எழுதியிருக்கோ அதத்தான் சொல்லுவாரு. கம்பெனி கார்டு பில்லையும் ஒரு தடவ பாருங்க, யாரும் சொல்லாத சாஃப்ட்வேர் சந்தா எல்லாம் அதுலதான் வெளிய வரும்.

"எங்க கம்பெனில 250 பேருக்கு கம்மி, ஜிடிபிஆர்ல இந்த ரெக்கார்ட் எங்களுக்கு தேவையில்ல"ன்னு சில பேர் சொல்லுவாங்க. ஆர்ட்டிக்கிள் 30ல அப்படி ஒரு விலக்கு இருக்கறது உண்மைதான், ஆனா எப்பவாவது ஒரு தடவ பண்ற வேலைக்குத்தான் அது செல்லும், சம்பளம் மாசா மாசம் போடறோம் இல்லையா, அது எப்பவாவது பண்றது இல்ல. அந்த விலக்கு இருந்தும் இல்லாத மாதிரிதான்.

மஞ்சள் வார்த்தைகள எப்படி உடைக்கறது

"தகுந்த பாதுகாப்பு"ங்கறத எடுத்துக்கலாம். ஜிடிபிஆர் ஆர்ட்டிக்கிள் 32 இத முடிவு பண்ண சில விஷயங்கள சொல்லுது: இன்னைக்கு என்ன டெக்னாலஜி கிடைக்குது, அதுக்கு என்ன செலவு, என்ன மாதிரி டேட்டாவ எதுக்கு எவ்வளவு கையாளறோம், லீக் ஆனா அந்த ஆளுக்கு என்ன ஆகும். இத நாலு கேள்வியா மாத்தி ஒவ்வொரு சிஸ்டத்துக்கும் பதில் எழுதுங்க. அப்புறமும் சந்தேகம் இருந்தா, சட்டத்த மறுபடி மறுபடி படிக்கறத விட்டுட்டு ரெகுலேட்டர் ஏற்கனவே யாருக்கு எதுக்கு ஃபைன் போட்டாங்கன்னு பாருங்க, மஞ்சள் வார்த்தைக்கு நிஜ அர்த்தம் அங்கதான் கிடைக்கும். பாஸ்வேர்டையே எடுத்துக்கோங்க, அத அப்படியே வெறும் டெக்ஸ்ட்டா சேமிக்கக்கூடாதுன்னு சட்டத்துல எங்கயும் இல்ல, ஆனா 2018ல க்னுடெல்ஸ்ங்கற ஜெர்மன் சாட் தளம் அப்படி வச்சிருந்து ஹேக் ஆனப்போ 20,000 யூரோ ஃபைன், 2024ல மெட்டா அப்படி வச்சிருந்ததுக்கு அயர்லாந்து ரெகுலேட்டர் போட்டது 9.1 கோடி யூரோ. சட்டத்துல எழுதாட்டியும் இதுல இனிமே சந்தேகமே இல்ல. க்னுடெல்ஸுக்கு ஃபைன் கம்மியானதுக்கு ஒரு காரணம் அவங்க உடனே தாங்களாவே வந்து சொல்லி, முழுசா ஒத்துழைச்சு, சிஸ்டத்த சரி பண்ணது, அத அந்த ரெகுலேட்டரே வெளிப்படையா சொன்னாங்க.

இந்திய விதிகள் இந்த விஷயத்துல கொஞ்சம் உதவியாவே இருக்கு. சட்டத்துல "நியாயமான பாதுகாப்பு"ன்னு மட்டும்தான் இருக்கு, தவறினா 250 கோடி ரூபாய் வரைக்கும் அபராதம்னு பக்கத்துலயே மிரட்டலும் இருக்கு, ஆனா விதிகள்ல குறைஞ்சபட்சம் என்கிரிப்ஷன் (பூட்டி வைக்கறது), மாஸ்கிங் (மறைச்சுக் காட்டறது), யார் யார் பாக்கலாம்ங்கற கட்டுப்பாடு, லாக் (யார் எப்போ பாத்தாங்கங்கற பதிவு), பேக்கப்னு பேர் சொல்லிட்டாங்க, லாக்க ஒரு வருஷம் வச்சிருக்கணும்னும் சொல்லிட்டாங்க. மஞ்சளா இருந்தது பாதி பச்சை ஆயிடுச்சு.

அடுத்தது ஜிடிபிஆர்ல வர்ற நியாயமான நலன்ங்கற காரணம். ஆறு சட்டக் காரணத்துல இதான் எல்லாரும் ஓடிப்போய் ஒளியற இடம், கன்சென்ட் (யூசரோட சம்மதம்) கேக்காம டேட்டாவ பயன்படுத்தலாம்ல. இதுக்கு மூணு கட்டமா எழுதணும். நம்ம நோக்கம் என்ன, உதாரணமா மோசடி ஆர்டர தடுக்கறது. அதுக்கு இந்த டேட்டா நிஜமாவே தேவையா, இதவிட கம்மியா வச்சு அதே வேலைய செய்ய முடியாதா. கடைசியா, அந்த ஆளு இத எதிர்பாப்பாரா, தெரிஞ்சா அதிர்ச்சி ஆவாரா. இந்த மூணாவதுல உங்க மனசே உறுத்துச்சுன்னா அத விட்டுட்டு கன்சென்ட் கேளுங்க. ஒரு பக்கத்துக்கு மேல எழுத வேண்டியதில்ல. ஆனா முன்கூட்டியே எழுதணும், புகார் வந்ததுக்கு அப்புறம் உக்காந்து எழுதினா தேதியே காட்டிக் குடுத்துடும். இந்திய சட்டத்துல இந்த காரணமே கிடையாதுங்கறதையும் ஞாபகம் வச்சுக்கோங்க, அங்க கன்சென்ட், இல்லன்னா சட்டமே எண்ணி வச்சிருக்கற சில குறிப்பிட்ட பயன்பாடு, அவ்வளவுதான்.

எழுதி வச்சா என்ன பிரயோஜனம்னு கேக்கறவங்களுக்கு: 2023 டிசம்பர்ல ஐரோப்பிய நீதிமன்றம் டாய்ச்ச வோனன்ங்கற ஜெர்மன் ரியல் எஸ்டேட் கம்பெனி கேஸ்ல, தப்பு வேணும்னோ கவனக்குறைவாலயோ நடந்திருந்தாதான் ஃபைன் போடலாம்னு சொல்லிடுச்சு. "எனக்கு சட்டம் தெரியாது"ங்கறது அதுல தப்பிக்கற வழி இல்ல, ஆனா யோசிச்சு, ரெகுலேட்டரோட வழிகாட்டுதலப் பாத்து, காரணம் எழுதி முடிவெடுத்த கம்பெனிய கவனக்குறைவுன்னு சொல்றது கஷ்டம்.

எது பர்சனல் டேட்டா

பேர், போன் நம்பர்ல யாருக்கும் சண்டை இல்ல. ஐபி அட்ரஸ், டிவைஸ் ஐடி, ஹேஷ் பண்ண (புரியாத எழுத்துக் கோவையா மாத்தின) ஈமெயில் இதுலதான் சண்டை. 2016ல ஐரோப்பிய நீதிமன்றம், மாறிக்கிட்டே இருக்கற ஐபி அட்ரஸ் கூட அந்த ஆள அடையாளம் காண சட்டப்படி ஒரு வழி இருந்தா பர்சனல் டேட்டாதான்னு சொல்லுச்சு. அதத் தொட்டு 2022 ஜனவரில மியூனிக் கோர்ட் ஒண்ணு, கூகுள் ஃபான்ட்ஸ கூகுள் சர்வர்ல இருந்து லோட் பண்ண வெப்சைட்காரர் பாக்க வந்தவருக்கு 100 யூரோ நஷ்டஈடு குடுக்கணும்னு தீர்ப்பு குடுத்துச்சு, ஏன்னா லோட் ஆகும்போது ஐபி அட்ரஸ் அங்க போகுது. எழுத்துருவுக்கெல்லாம் கேஸாங்கன்னு சிரிப்பு வரும், ஆனா அதுக்கப்புறம் அங்க நிறைய சின்ன சின்ன வெப்சைட்காரங்களுக்கு நோட்டீஸ் பறந்துச்சு. 2025 செப்டம்பர்ல அதே ஐரோப்பிய நீதிமன்றம் கொஞ்சம் இறங்கி வந்து, அடையாளத்த மறைச்சு குடுத்த டேட்டா, வாங்கறவங்களால ஆள கண்டுபிடிக்கவே முடியாதுன்னா அவங்களப் பொறுத்தவரை பர்சனல் டேட்டாவா இல்லாம போகலாம்னு சொல்லிருக்கு, ஆனா குடுக்கறவங்க "உங்க டேட்டா இன்னாருக்குப் போகுது"ன்னு முன்னாடியே சொல்லணும்ங்கற பொறுப்பு அப்படியேதான் இருக்கு.

இத வச்சு தினசரி வேலைல எப்படி முடிவெடுக்கறதுன்னா, உங்ககிட்ட ஆள திரும்ப கண்டுபிடிக்க உதவற சாவியோ மேப்பிங் டேபிளோ இருக்கற வரைக்கும் அத பர்சனல் டேட்டான்னே நினைச்சுக்கோங்க. ஹேஷ் பண்ணிட்டோம், இனி அனானிமஸ்னு மார்க்கெட்டிங்ல யாராவது சொன்னா நம்பாதீங்க, போன் நம்பருக்கெல்லாம் இருக்கற எல்லா நம்பரையும் ஹேஷ் பண்ணி ஒப்பிட்டுப் பாத்தே உடைச்சுடலாம். ஃபான்ட், ஸ்கிரிப்ட் எல்லாத்தையும் சொந்த சர்வர்ல வச்சுடுங்க, அரை நாள் வேலை.

கன்சென்ட்டும் "விக்கறது"ம்

முன்னாடியே டிக் போட்டு வச்ச பாக்ஸ் செல்லாதுன்னு 2019 அக்டோபர்ல ஐரோப்பிய நீதிமன்றத்தோட பிளானட்49 கேஸ்ல முடிஞ்சு போச்சு. 2021 டிசம்பர் கடைசில பிரான்ஸ் ரெகுலேட்டர் கூகுளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் போட்டதுக்குக் காரணம், குக்கிய ஏத்துக்க ஒரு க்ளிக் போதும், மறுக்கணும்னா பல க்ளிக். அதனால பேனர்ல ரெண்டு பட்டன், ஒரே சைஸ், ஒரே கலர் அழுத்தம், மறுத்தா நிஜமாவே ஸ்கிரிப்ட் ஓடக்கூடாது. கடைசில சொன்னதத்தான் யாரும் செக் பண்றதில்ல, ப்ரௌசர்ல டெவலப்பர் டூல்ஸ் திறந்து நெட்வொர்க் டேப்ல மறுத்ததுக்கு அப்புறமும் எந்தெந்த டொமைனுக்கு ரிக்வெஸ்ட் போகுதுன்னு நீங்களே பாருங்க.

கலிஃபோர்னியால குழப்பம் வேற மாதிரி. "நாங்க டேட்டா விக்கறதே இல்ல"ன்னு பாலிசில எழுதிட்டு நிம்மதியா இருப்பாங்க, ஆனா அங்க விற்பனைங்கறதுக்கு காசு கைமாறணும்னு அவசியம் இல்ல, வேற எந்த மதிப்புள்ள பலன் கிடைச்சாலும் விற்பனைதான். அழகுசாதனக் கடை நடத்தற செஃபோரா 2022 ஆகஸ்ட்ல 12 லட்சம் டாலர் கட்டினது இதுலதான், அனலிட்டிக்ஸ், விளம்பர ட்ராக்கர்கள சைட்ல வச்சு அதுக்குப் பதிலா சலுகை வாங்கினத விற்பனைன்னு எடுத்துக்கிட்டாங்க, கூடவே ப்ரௌசர் அனுப்பற "விக்காதே"ங்கற குளோபல் பிரைவசி கன்ட்ரோல் சிக்னல மதிக்கலன்னும் சேத்துக்கிட்டாங்க. உங்க சைட்ல விளம்பர பிக்ஸல் (வர்றவங்கள விளம்பரக் கம்பெனிக்கு காட்டிக் குடுக்கற சின்ன ட்ராக்கர்) ஏதாவது இருந்தா, கலிஃபோர்னியா ஆளுங்களும் வந்தா, விக்கறோம்னே வச்சுக்கிட்டு அதுக்கான லிங்கும் சிக்னல் செட்டிங்கும் போடறதுதான் பாதுகாப்பு.

எவ்வளவு நாள் வச்சுக்கலாம்

"தேவைக்கு மேல வைக்கக்கூடாது", முடிஞ்சுது, நம்பர் கிடையாது. இதப் பாத்து எல்லாரும் எடுக்கற முடிவு எதையுமே அழிக்காம வைக்கறது. மேல சொன்ன அந்த ரியல் எஸ்டேட் கம்பெனிக்கு 2019ல பெர்லின் ரெகுலேட்டர் 1.45 கோடி யூரோ ஃபைன் போட்டதே, வாடகைக்கு இருந்தவங்களோட பழைய டேட்டாவ அழிக்கவே வசதி இல்லாத ஆர்க்கைவ்ல குவிச்சு வச்சிருந்ததாலதான்.

நம்பர நீங்களே உருவாக்குங்க. முதல்ல வேற ஏதாவது சட்டம் குறைஞ்சபட்ச காலம் சொல்லுதான்னு பாருங்க, வரி, கணக்கு, தொழிலாளர் சட்டம் இதெல்லாம் சொல்லும், அது ஜெயிக்கும், அழிக்கச் சொல்லி யூசர் கேட்டாலும் அந்த இன்வாய்ஸ வச்சுக்கலாம், அவரோட விருப்பப் பட்டியலையும் தேடல் வரலாறையும் வச்சுக்க அது சாக்கு ஆகாது. அப்படி எந்த சட்டமும் இல்லன்னா, கேஸ் போட எவ்வளவு காலம் இருக்குன்னு பாருங்க. அதுவும் இல்லன்னா, நிஜமா எவ்வளவு பழைய டேட்டாவ டீம் திறந்து பாக்குதுன்னு கேளுங்க, பெரும்பாலும் ரெண்டு வருஷத்துக்கு முந்தினத யாரும் தொட்டிருக்க மாட்டாங்க. பேக்கப்ல இருந்து ஒவ்வொருத்தரா அழிக்க முடியாதுன்னா, பேக்கப் எத்தனை நாள்ல தானா அழியும்னு எழுதி, ரெஸ்டோர் பண்ணா அழிச்சவங்க பட்டியல மறுபடி ஓட்டணும்னு ஒரு ஸ்டெப் வச்சுக்கோங்க.

நிஜமாவே குழப்பமான இடம்

ஐரோப்பால இருந்து அமெரிக்காவுக்கு டேட்டா அனுப்பறதுல மட்டும் நான் கம்பெனிகள் பக்கம். அதுக்கு அனுமதி குடுத்து 2000ல இருந்து இருந்த சேஃப் ஹார்பர்ங்கற ஏற்பாட்ட 2015ல ஐரோப்பிய நீதிமன்றம் ரத்து பண்ணுச்சு, 2016ல பிரைவசி ஷீல்டு வந்துச்சு, 2020 ஜூலைல அதையும் ரத்து பண்ணுச்சு, 2023 ஜூலைல மூணாவதா டேட்டா பிரைவசி ஃப்ரேம்வொர்க் வந்துச்சு, அதுக்கு எதிரா போட்ட வழக்க 2025 செப்டம்பர்ல ஐரோப்பிய பொது நீதிமன்றம் தள்ளுபடி பண்ணுச்சு. நடுவுல மூணு வருஷம் ஒழுங்கான ஏற்பாடே இல்லாம எல்லாரும் ஸ்டாண்டர்ட் ஒப்பந்தத்த (ஐரோப்பிய கமிஷனே எழுதி வச்சிருக்கற மாதிரி ஒப்பந்தம்) வச்சு ஓட்டினாங்க, அத வச்சு ஓட்டின மெட்டாவுக்குத்தான் 2023 மே மாசம் 120 கோடி யூரோ ஃபைன். அவ்வளவு பெரிய லீகல் டீம் இருக்கறவங்களுக்கே இந்த நிலைமைன்னா, பத்து பேர் இருக்கற கம்பெனிகிட்ட தெளிவா ஃபாலோ பண்ணுன்னு சொல்றது அநியாயம்தான்.

இதுல செய்யக்கூடியது மூணு. எந்த வெண்டர் எங்க டேட்டாவ வைக்கறாங்கன்னு பட்டியல். ஐரோப்பால சர்வர் வசதி இருந்தா செட்டிங்க மாத்தறது. மூணாவது, அமெரிக்க வெண்டர் அந்த ஃப்ரேம்வொர்க்ல சேந்திருந்தாலும் ஸ்டாண்டர்ட் ஒப்பந்தத்தையும் கூடவே கையெழுத்து வாங்கி வைக்கறது, ஒண்ணு போனா இன்னொண்ணு கைல இருக்கும்.

நாட்டுக்கு நாடு முட்டிக்கறதும் உண்டு. அப்பா அம்மா சம்மதம் எந்த வயசு வரைக்கும் வேணும்ங்கறத எடுத்துக்கோங்க, அமெரிக்க காப்பா சட்டத்துல 13க்குக் கீழ, ஜிடிபிஆர்ல 16, ஆனா நாடுகள் 13 வரைக்கும் குறைச்சுக்கலாம், இந்தியால 18. எல்லாத்துலயும் கடுமையானத எல்லாருக்கும் போட்டுட்டா வேலை சுலபம்தான், ஆனா ஐரோப்பால 17 வயசு பையன்கிட்ட அப்பா அம்மா சம்மதம் கேட்டா யூசர் ஓடிடுவான், அதனால கெடு, பாதுகாப்பு இதுலெல்லாம் கடுமையானத எல்லாருக்கும் போடுங்க, வயசு, கன்சென்ட் ஸ்க்ரீன் இத மட்டும் நாடு வாரியா பிரிங்க.

லாயர்கிட்ட எப்போ, எப்படி

"நாங்க ஜிடிபிஆர் படி சரியா இருக்கோமா"ன்னு கேட்டா நீளமா ஒரு மெமோவும் பெரிய பில்லும் வரும், பதில் வராது. "இந்த டேட்டாவ, இந்த நோக்கத்துக்கு, இந்த காரணத்த வச்சு பயன்படுத்த முடிவு பண்ணியிருக்கோம், எங்க குறிப்பு இது, இதுல எந்த வரி நிக்காது"ன்னு கேளுங்க. உடல்நலம், பயோமெட்ரிக், குழந்தைகள், வேலை பாக்கறவங்கள கண்காணிக்கறது, தானா முடிவெடுக்கற அல்காரிதம், இது ஏதாவது வந்தா கண்டிப்பா கேளுங்க. ரெகுலேட்டர்களே இலவசமா போடற வழிகாட்டுதலயும் படிங்க, பிரிட்டன் ஐசிஓவும் பிரான்ஸ் சிஎன்ஐஎல்லும் நல்ல எளிமையா எழுதறாங்க, சிஎன்ஐஎல் இங்கிலீஷ்லயும் போடறாங்க.

காலண்டர்ல போட வேண்டியது

மஞ்சள் முடிவு ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல "இது எப்போ மாறும்"னு ஒரு காரணம் எழுதி வைங்க: புது வெண்டர், புது நாடு, புது தீர்ப்பு. வருஷத்துக்கு ஒரு தடவ பாக்கறோம்னு மட்டும் வச்சா யாரும் பாக்க மாட்டாங்க. இப்போதைக்கு ரெண்டு விஷயம் கண்ணுல வச்சுக்கோங்க. ஐரோப்பிய கமிஷன் 2025 நவம்பர்ல டிஜிட்டல் ஆம்னிபஸ்ங்கற பேர்ல ஜிடிபிஆர்லயே திருத்தம் முன்வச்சிருக்கு, லீக் தகவலுக்கு 72 மணி நேரத்த 96 ஆக்கறது, பெரிய ஆபத்து இருக்கற லீக்குக்கு மட்டும் சொன்னா போதும்னு ஆக்கறது, பர்சனல் டேட்டாங்கறதோட வரையறைய தெளிவாக்கறது எல்லாம் அதுல இருக்கு, ஆனா பாராளுமன்றமும் நாடுகளும் ஒத்துக்கிட்டு சட்டமா வர்ற வரைக்கும் 72தான், அத நம்பி யாரும் ஷீட்ட மாத்திடாதீங்க. இந்திய விதிகள்ல பெரும்பாலான கடமைகளுக்கு அறிவிப்புல இருந்து 18 மாசம் குடுத்திருக்காங்க, அதாவது 2027 மே. நோட்டீஸ இங்கிலீஷ்லயோ அரசியலமைப்போட எட்டாவது அட்டவணைல இருக்கற 22 மொழில எதுலயோ படிக்கற வசதிய யூசருக்கு குடுக்கணும்ங்கறது அதுல ஒண்ணு, மொழிபெயர்ப்பும் அத ஆப்ல ஏத்தற வேலையும் கடைசி மாசத்துல முடியற விஷயம் இல்ல, அதனால டேட்டா ஷீட் முடிஞ்ச கையோட அத ஆரம்பிச்சுடுங்க.